மண்வெட்டி யார் கையில் இருந்தது? ஆலங்குடியிலிருந்து ஓர் அருங்காட்சியகப் பயணம்

ஆலங்குடி என்றதும் பலருக்குத் திருவாரூர் மாவட்டத்தின் குரு தலமே நினைவுக்கு வரும். நாம் பேசுவது புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடியைப் பற்றி. அது ஒரு பேரூராட்சி; வட்டத் தலைநகர்; சட்டமன்றத் தொகுதி. செம்மண்ணும் ஆழ்துளைக் கிணறும் சந்தையும் சேர்ந்து வளர்த்த சிற்றூர். அங்கிருந்து தம் வட்டாரத்தின் பழமையைக் காண விரும்பும் மாணவர் சுமார் 20 கிலோமீட்டர் பேருந்தில் சென்று, புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் இறங்க வேண்டும். 1910இல் தோற்றுவிக்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் அங்கேதான் உள்ளது.

ஆலங்குடிப் பகுதிச் சேரிகளிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் சில இளைஞர்களுடன் அண்மையில் நாமும் அங்கே சென்றுவந்தோம். கல், செப்பு, எலும்பு, ஓவியம், நாணயம், கல்வெட்டு என்று அறை அறையாகப் பார்த்தோம். திரும்பும் பேருந்தில் ஒரு மாணவர் கேட்டார்: “தோழர், இதில் எங்கள் தெரு எங்கே இருக்கிறது?”

அந்தக் கேள்விக்கு ஒரு நிறுவனத்தைக் குறைகூறிப் பதில் சொல்லிவிட முடியாது. அங்கே பணிபுரிவோர் மீதான புகாராகவும் அதை நாம் எழுதவில்லை. ஓர் ஊரின் நினைவு எப்படிச் சேகரிக்கப்படுகிறது, யார் சேகரிக்கிறார்கள், எது பொருள் எனக் கருதப்படுகிறது, எது குப்பை எனக் கழிக்கப்படுகிறது என்பதையே அந்தக் கேள்வி தொடுகிறது. இது அரசியல் கேள்வி. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடந்த சில ஆண்டுகள் அதை மேலும் அவசரமான கேள்வியாக மாற்றியிருக்கின்றன.

அரசர் சேர்த்த பழமை

புதுக்கோட்டை 1948 மார்ச் வரை தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த சமஸ்தானம். இந்தியாவுடன் இணைந்த பிறகு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1974 ஜனவரியில் தனி மாவட்டமாயிற்று. அருங்காட்சியகம் அதற்கும் மூத்தது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் காலத்தில் உருவானது. சமஸ்தானத்தின் கல்வெட்டுகள் தொகுக்கப்பட்டு 1929இல் அவற்றின் மூல வாசகங்கள் நூலாக அச்சேறின. அந்தத் தொகுப்பு இன்றும் ஆய்வாளர்களுக்கு இன்றியமையாதது. இந்த உழைப்பை நாம் மதிக்கிறோம். நம் வரலாற்றை எழுதுவதற்கும் அந்தக் கல்வெட்டுகள் நமக்கு வேண்டும்.

ஆனால் அரசு எதற்காகச் சேர்க்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சமஸ்தானம் தன்னைப் பழமையான, பண்பட்ட, நன்கு நிர்வகிக்கப்பட்ட நாடாக ஆங்கிலேயருக்கும் உலகுக்கும் காட்ட விரும்பிய காலம் அது. கோயில், குகை ஓவியம், செப்புத் திருமேனி, வாள், நாணயம் ஆகியவை அந்த விருப்பத்துக்குப் பொருந்தின. அம்மன் காசை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் அம்மனின் உருவமும் மறுபுறம் ‘விஜய’ என்ற தெலுங்கு எழுத்துகளும் பொறித்த சிறு செப்புக்காசு அது. நவராத்திரியின்போது அரண்மனை வழங்கிய அரிசியோடு அக்காசும் வழங்கப்பட்டது. காசின் உலோகம், எடை, பொறிப்பு ஆகியவற்றை நாணயவியல் நமக்குச் சொல்லும். அந்தக் காசும் அரிசியும் யார் கை வரைக்கும் சென்றன, யார் வாசலோடு நின்றார்கள் என்ற கேள்வியை நாணயவியல் தானாக எழுப்பாது. அதை நாம்தான் எழுப்ப வேண்டும்.

மானிடவியல் என்ற பிரிவையும் இப்படியே நோக்க வேண்டும். ஆங்கிலேயர் காலத்து அருங்காட்சியகங்கள் நிலவியல், விலங்கியல், தாவரவியல் ஆகியவற்றோடு மனிதர்களையும் வகைப்படுத்தின. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் சேர்ந்த மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து குறிப்பெடுத்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவரது நூலில் இன்றும் பலர் தம் சாதியின் ‘பெருமையை’த் தேடுகிறார்கள். அரசர்கள் வரலாற்றுப் பிரிவில் பெயரோடும் ஆண்டோடும் நிற்க, உழைக்கும் மக்கள் மானிடவியல் பிரிவில் பெயரின்றி, காலமின்றி, கூடையாகவும் கலப்பையாகவும் வாத்தியமாகவும் நிற்பது இந்த மரபின் விளைவு. கருவி அங்கே இருக்கும். அதைப் பிடித்த கை இருக்காது. இது ஓர் ஊரின் குறை அன்று. உலகெங்கும் பழைய அருங்காட்சியகங்கள் இந்த மரபிலிருந்து தம்மை விடுவித்துக்கொள்ளப் போராடி வருகின்றன.

ஒரு புதையலும் ஒரு சுவடியும்

ஆலங்குடிக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அன்றைய ஆலங்குடி வட்டத்தைச் சேர்ந்த கருக்காக்குறிச்சியில் 1898இல் ஒரு பானை நிறைய ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. எண்ணிக்கை 501. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காலத்துக் காசுகள் அவை. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டப்பட்ட தழும்பு உண்டு. புழக்கத்திலிருந்து விலக்குவதற்காக அப்படி வெட்டினார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் நாணயவியலாளர் ஜி. எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். இந்தியாவில் கிடைத்த ரோமானியப் பொற்காசுக் குவியல்களில் ‘புதுக்கோட்டைப் புதையல்’ தனியிடம் பெற்றது.

எந்தப் பேரரசனின் தலை எத்தனை காசில் உள்ளது என்பதற்குக் கணக்கு உண்டு. ஹில் யார் என்பது தெரியும். மன்னர் யார் என்பது தெரியும். இந்தப் புதையலைப் பற்றிப் படிக்கும் மாணவர் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி வேறு: மண்வெட்டி யார் கையில் இருந்தது? பானையின் வாயை முதலில் பார்த்த கண்கள் யாருடையவை? அந்த நிலத்தில் அவருக்கு என்ன உரிமை இருந்தது? கண்டெடுத்தவருக்கு என்ன கிடைத்தது?

இது வெறும் உணர்ச்சிக் கேள்வியன்று. மண்ணுக்கடியில் கிடைக்கும் மதிப்புள்ள பொருள் குறித்து 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் விதிமுறை வகுத்திருக்கிறது. 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்து ஒப்படைக்க வேண்டும். கண்டெடுத்தவர், நில உடைமையாளர் என இருவரின் உரிமையையும் அச்சட்டம் பேசுகிறது. பிறர் நிலத்தில் கூலிக்கு மண்வெட்டுபவருக்கும் ‘கண்டெடுத்தவர்’ என்ற சட்டத் தகுதி உண்டு என்பது இதன் பொருள். ஆயினும் காட்சிப்பெட்டியின் குறிப்பு அட்டைகளில் கிடைத்த ஊரும் ஆண்டும் காலமும் இடம்பெறுவதே எங்கும் வழக்கம். கண்டெடுத்த உழைப்பாளி இடம்பெறுவது அரிது. நிலம் யாருடையது என்ற கேள்விக்கு விடை சாதியோடு பிணைந்திருக்கும் ஒரு நாட்டில், இந்த விடுபடல் சிறியதன்று.

பண்டிதர் அயோத்திதாசர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதே கேள்வியை எழுப்பினார். திருக்குறள் ஓலைச்சுவடி ஆங்கிலேய அதிகாரி எல்லிஸின் கைக்கு எப்படிச் சென்றது என்பதைத் தம் எழுத்தில் அவர் பதிவு செய்திருக்கிறார். ஹாரிங்டன் என்ற துரையிடம் சமையற்காரராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன், தம்மிடமிருந்த சுவடிகளை அத்துரையிடம் அளித்தார். அவர் வழியாகவே எல்லிஸுக்கு அவை கிடைத்தன என்பது அயோத்திதாசரின் கூற்று. எல்லிஸின் பெயர் தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் நிலைத்தது. கந்தப்பனின் பெயர் பேரன் எழுதியதால் மட்டுமே நமக்குக் கிடைத்தது. 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் இல்லாதிருந்தால் பஞ்சமரிடம் சுவடி இருந்ததென்று சொல்வதே நகைப்புக்குரியதாகியிருக்கும்.

கருக்காக்குறிச்சியின் பானையையும் கந்தப்பனின் சுவடியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். தலித் மக்களிடம் வரலாறு இல்லாமற் போகவில்லை. வரலாற்றுப் பொருள் அவர்கள் கையிலிருந்து அடுத்த கைக்கு மாறும் இடத்தில் அவர்கள் பெயர் விழுந்துவிடுகிறது.

பழமைப் பெருமிதத்தின் எல்லை

தமிழ்நாட்டில் இது தொல்லியலின் காலம். 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது மக்கள் திரள் திரளாகச் சென்று பார்த்தார்கள். புதுக்கோட்டைக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பொற்பனைக்கோட்டையில் 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. 2023இலும் 2024இலும் மாநிலத் தொல்லியல் துறை அப்பணியைத் தொடர்ந்தது. வட்ட வடிவக் கோட்டை, செங்கல் கட்டுமானம், மணிகள் ஆகியவை வெளிப்பட்டன. தமிழி எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்றும் அவ்விடத்தில் முன்னரே கிடைத்திருக்கிறது. ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் பேருந்தில் செல்பவர் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையின் பக்கமாகத்தான் கடந்துசெல்கிறார்.

வேதத்திலிருந்தும் சமஸ்கிருதத்திலிருந்தும் மட்டுமே இந்திய நாகரிகம் தொடங்கிற்று என்ற கதையை இந்த அகழாய்வுகள் அசைத்திருக்கின்றன. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ‘தமிழர் பழமை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாரையும் அடைத்துவிட்டு, பிற்காலத்தில் யார் யாரை ஊருக்கு வெளியே தள்ளினார்கள் என்ற கதையை மூடிவிடும் ஆபத்தும் அதனுள் உண்டு. அதே தமிழ்நாட்டின் கல்வெட்டுகளே அதற்குச் சான்று. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராஜராஜன் ஊர்களை அளித்த கல்வெட்டுகள், வரி நீங்கிய நிலங்களைப் பட்டியலிடும்போது கோயில், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி ஆகிய பெயர்களையும் குறிக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ‘தீண்டா’ என்ற சொல் ஒரு குடியிருப்பின் பெயராகக் கல்லில் ஏறிவிட்டது. பெரிய கோயிலின் உயரத்தைச் சொல்லும் பள்ளிப் பாடம் இந்தச் சொல்லையும் சொல்ல வேண்டும் என்று நாம் கேட்பது கோயிலைச் சிறுமைப்படுத்துவதற்காக அன்று. கல்வெட்டை முழுதாகப் படியுங்கள் என்றே கேட்கிறோம்.

நில உரிமை வரலாற்றிலும் புதுக்கோட்டைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. செயல்பாட்டாளர்கள் அதைக் கவனிக்க வேண்டும். பஞ்சமி நிலம் பற்றிய 1892ஆம் ஆண்டு ஆணை சென்னை மாகாண அரசின் ஆணை. புதுக்கோட்டை அன்று தனிச் சமஸ்தானம்; மாகாண ஆணைகள் இங்கே தாமாகப் பொருந்தவில்லை. எனவே இங்குள்ள தலித் மக்களின் நில வரலாற்றைச் செங்கல்பட்டின் வரலாற்றை அப்படியே பெயர்த்தெழுதிச் சொல்லிவிட முடியாது. சமஸ்தானத்தின் இனாம் நிலங்கள், ஊழியத்துக்காக விடப்பட்ட மானியங்கள், 1888இல் தொடங்கிய இனாம் செட்டில்மெண்ட், தர்பார் ஆவணங்கள் ஆகியவற்றில்தான் அது புதைந்து கிடக்கிறது. மானுடவியலாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் அந்த ஆவணங்களைக் கொண்டு புதுக்கோட்டை அரசைப் பற்றி 1987இல் ஒரு புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அவர் கேட்டது அரசனுக்கும் சாதிக்கும் உள்ள உறவு. சேரிக்கும் நிலத்துக்கும் உள்ள உறவைக் கேட்டு அதே ஆவணங்களைப் புரட்டுவது, ஆலங்குடிப் பகுதியிலிருந்து வரும் முதல் தலைமுறை ஆய்வாளர் செய்யக் காத்திருக்கும் வேலை.

நேற்றைய நிகழ்வு நாளைய காட்சிப்பொருள்

அருங்காட்சியகம் என்றால் பழையது என்று நினைக்கிறோம். எல்லாப் பழைய பொருளும் ஒருநாள் புதிதாக இருந்ததுதான். இன்று எதைக் காப்பாற்றுகிறோம் என்பதே ஐம்பது ஆண்டு கழித்து எது வரலாறாகும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த நோக்கில் நம் மாவட்டத்தின் இரு நிகழ்வுகளைப் பார்ப்போம்.

2022 டிசம்பர் 26. முத்துக்காடு ஊராட்சியைச் சேர்ந்த வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. மறுநாள் அங்கே சென்ற மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை இருப்பதையும் கோயிலுக்குள் தலித் மக்கள் அனுமதிக்கப்படாததையும் கண்டார்கள். அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்கள், வழக்குகள் பதிவாயின. பின்னர் விசாரணை சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தது. 2025 ஜனவரியில், அதே ஊரின் தலித் இளைஞர்கள் மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டிருப்பதாக அரசு தெரிவித்தது. ஊர் மக்களும் தலித் இயக்கங்களும் பல கட்சிகளும் அதை ஏற்க மறுத்து மத்தியப் புலனாய்வு விசாரணை கோரினர்.

2025 மே 5. ஆலங்குடி வட்டம் வடகாட்டில் முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவை ஒட்டித் தலித் குடியிருப்பு தாக்குதலுக்கு உள்ளானது. வீடுகளும் வாகனங்களும் சேதப்படுத்தப்பட்டன, தீ வைக்கப்பட்டது. பெட்ரோல் நிலையத்தில் இளைஞர்களுக்கு இடையே ஏற்பட்ட தகராறே காரணம் என்று காவல்துறை தொடக்கத்தில் விளக்கம் தந்தது. வழிபாட்டு உரிமை, பொது நிலம் குறித்த நீண்டகாலச் சாதிப் பகையே காரணம் என்று பாதிக்கப்பட்டோர் கூறினர்.

இரு நிகழ்வுகளிலும் சட்டத்தின் முன் இறுதி முடிவு என்னவாகும் என்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் இங்கே கவனிப்பது பதிவின் அரசியலை. ‘பெட்ரோல் நிலையத் தகராறு’ என்பதும் ‘சாதி வன்கொடுமை’ என்பதும் ஒரே இரவுக்கு எழுதப்படும் இரு குறிப்பு அட்டைகள். எந்த அட்டை ஆவணக் காப்பகத்தில் நிலைக்கிறதோ அதுவே நாளைய வரலாறு. இன்று பேரணி நடத்துகிறோம், அறிக்கை விடுகிறோம், உண்மை கண்டறியும் குழு அனுப்புகிறோம். அந்த அறிக்கைகளின் படிகள் பத்தாண்டு கழித்து எங்கே கிடைக்கும்? எரிந்த வீட்டின் நிழற்படம் யாருடைய கைப்பேசியில் இருக்கிறது? அந்தக் கைப்பேசி பழுதானால் அந்த வீடு இரண்டாம் முறையும் அழியும்.

எதைச் சேர்ப்பது, யாரைக் கேட்டுச் சேர்ப்பது?

இரட்டைக் குவளையை எண்ணிப் பார்ப்போம். தேநீர்க் கடையின் ஒரு கண்ணாடிக் குவளைக்குச் சந்தையில் சில ரூபாய்தான் விலை. தமிழ்ச் சமூகத்தின் இருபதாம், இருபத்தொன்றாம் நூற்றாண்டு வரலாற்றை அறிய விரும்புபவருக்கு அது ஒரு ரோமானியப் பொற்காசுக்குக் குறையாத சான்று. எந்த ஊர், எந்தக் கடை, எந்த ஆண்டு, யார் முதலில் அதை மறுத்தார் என்ற குறிப்போடு அது ஒரு காட்சிப்பெட்டியில் இருந்தால், பத்துப் பாடப்புத்தகங்கள் சொல்லாததைச் சொல்லும். அதுபோலவே தெருவில் செருப்பணிந்து நடந்ததற்காக எழுந்த வழக்கின் தாள், முதன்முதலாகப் பள்ளி இறுதித் தேர்வில் தேறிய பெண்ணின் சான்றிதழ், பறை அடிக்க மாட்டோம் என்று ஊர்கூடி எடுத்த தீர்மானத்தின் படி, விரும்பி அடித்த கலைஞரின் பறை, இரவுப் பாடசாலையின் வருகைப் பதிவேடு, அம்பேத்கர் மன்றத்தின் முதல் பெயர்ப்பலகை ஆகியவையும் வரலாற்றுப் பொருள்களே. கொடுமையின் சான்றுகளை மட்டும் சேர்த்தால் நம்மைக் காயங்களின் பட்டியலாக நாமே சுருக்கிக்கொள்வோம். மறுப்பின் சான்றும் மகிழ்ச்சியின் சான்றும் வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு கடினமான கேள்வி குறுக்கிடுகிறது. வேங்கைவயலின் தொட்டியை இடித்துத் தள்ள வேண்டும் என்று உரத்த கோரிக்கை எழுந்தது. வரலாற்றுச் சான்றாக அதை நிறுத்திவைக்க வேண்டும் என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. அன்றாடம் அதன் நிழலில் நடந்து தண்ணீர் பிடிக்கச் செல்பவருக்கு அது சான்று அன்று, அவமானத்தின் கோபுரம். இத்தகைய இடங்களில் ஆய்வாளரின் ஆவலைவிட, அருங்காட்சியகத்தின் தேவையைவிட, பாதிக்கப்பட்ட மக்களின் சொல்லே மேலானது. இடிக்க வேண்டுமென அவர்கள் சொன்னால் இடிக்க வேண்டும். நிழற்படமும் வாக்குமூலமும் நினைவைக் காக்கும். மக்களின் ஒப்புதலின்றிச் சேர்க்கப்படும் பொருள், தர்ஸ்டனின் அளவுகோலுக்குப் பங்காளிதான்.

முன்மாதிரிகள் நம்மிடமே உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். 1973இல் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. நீதிமன்ற ஆவணம் அப்படி முடிந்தது. நினைவு அங்கே முடியவில்லை. கொல்லப்பட்டோரின் பெயர்களைத் தாங்கிய நினைவிடமும் ஆண்டுதோறும் அங்கே கூடும் மக்களும் அத்தீர்ப்புக்கு எழுதிய மறுப்புரையாக நிற்கிறார்கள். 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தோரும் படுகொலை செய்யப்பட்ட மேலவளவில் அவர்கள் புதைக்கப்பட்ட இடத்துக்கு ‘விடுதலைக் களம்’ என்று பெயர். அரசு கட்டித் தரும் வரை காத்திராமல் இயக்கங்களும் மக்களும் காத்த இடங்கள் இவை.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் மாவட்டம் ஆறு என்ற பகுதி 1966இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 60,000க்கும் மேற்பட்டோர் படிப்படியாக வெளியேற்றப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்டன. 1994இல் அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் தரை முழுவதும் அழிந்துபோன தெருக்களின் வரைபடம். முன்னாள் குடியிருப்போர் குனிந்து, தம் வீடு இருந்த இடத்தில் தம் பெயரை எழுதினார்கள். இடிப்புப் பணியில் இருந்த ஒருவர் வீசியெறியாமல் வைத்திருந்த தெருப் பெயர்ப்பலகைகள் அங்கே தொங்குகின்றன. தங்கமும் செப்புச் சிலையும் இல்லாத அருங்காட்சியகம் அது. பேருந்தில் நம் மாணவர் கேட்ட கேள்விக்கு உலகில் எங்கோ ஒரு விடை ஏற்கெனவே வரையப்பட்டிருக்கிறது: தெருவை வரைந்து பெயரை எழுதுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

அரசிடம் கேட்க வேண்டியவை சில. மாவட்ட அருங்காட்சியகங்கள் பொதுப்பணத்தில் இயங்கும் நிறுவனங்கள். அவற்றின் குறிப்பு அட்டைகளில் பொருள் கிடைத்த சூழலும், அறிய முடிந்த இடத்தில் கண்டெடுத்தவர் பெயரும் இடம்பெற வேண்டும். அகழாய்வுக் குழிகளில் மண் அள்ளும் ஊர்த் தொழிலாளர்களின் பெயர்கள் அகழாய்வு அறிக்கைகளில் அச்சாக வேண்டும். தீண்டாமையின் வரலாற்றையும் அதை எதிர்த்த போராட்டத்தின் வரலாற்றையும் சொல்லும் நிலையான பிரிவு ஒவ்வொரு மாவட்ட அருங்காட்சியகத்திலும் வேண்டும். தீண்டாமையை அரசமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்தது. ஒழிக்கப்பட்டது எது என்பதை இளந்தலைமுறைக்குக் காட்டும் கடமையும் அரசுக்கு உண்டு. அத்தகைய பிரிவை அமைக்கும் குழுவில் தலித் அறிஞர்களும் ஊர் மக்களும் இருக்க வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 15அ பிரிவையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் ஆகியோரின் உரிமைகளைக் கூறும் அப்பிரிவு, இச்சட்டத்தின் கீழான வழக்கு நடவடிக்கைகள் அனைத்தும் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. அப்பதிவுகள் முறையாக நடக்கின்றனவா, எங்கே, எவ்வளவு காலம் காக்கப்படுகின்றன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். 10 ரூபாய்க் கட்டணமும் 30 நாள் பொறுமையும் போதும். சாட்சியம் நீதிக்கும் வேண்டும்; வரலாற்றுக்கும் வேண்டும்.

அரசுக்காகக் காத்திராமல் மாணவர்கள் செய்யக்கூடியவை இன்னும் பல. எழுபதைக் கடந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர் சொல்வதை அவர் ஒப்புதலோடு பதிவு செய்யுங்கள். “உங்கள் காலத்தில் கொடுமை இருந்ததா?” என்று கேட்காதீர்கள். எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீர்கள், கூலி நெல்லா காசா, எந்தப் பாதையில் பிணம் தூக்கினீர்கள், முதல் வானொலி யார் வீட்டுக்கு வந்தது என்று கேளுங்கள். வரலாறு அவற்றில்தான் பேசும். வீட்டிலுள்ள பழைய பட்டா, ரசீது, மனு, அழைப்பிதழ், நிழற்படம் ஆகியவற்றைப் படியெடுத்து, மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். படிகளை ஓர் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஒவ்வொன்றின் பின்னும் யாருடையது, எப்போது, எந்தத் தெரு என்று எழுதுங்கள். குறிப்பில்லாத படம் ஒரு தலைமுறைக்குள் அநாதையாகிவிடும்.

இதற்குப் பெரும் பணம் வேண்டும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அதே திருக்கோகர்ணத்தில் ஆசிரியத் தம்பதியரான பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் தம் ஊதியத்திலிருந்து புத்தகம் புத்தகமாகச் சேர்த்த ஞானாலயா நூலகம் இன்று தமிழ் ஆய்வாளர்கள் தேடிவரும் இடமாக நிற்கிறது. மன்னர் சேர்த்த அருங்காட்சியகமும் இரு ஆசிரியர்கள் சேர்த்த நூலகமும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஆலங்குடியின் ஒரு சேரியில் உள்ள படிப்பகத்தின் ஒரு சுவர் மூன்றாவது தொடக்கமாக இருக்கலாம்.

அந்த மாணவரின் கேள்விக்குப் பேருந்தில் எவரும் உடனே பதில் சொல்லவில்லை. ஆலங்குடி வரும்போது இருட்டிவிட்டது. இறங்குமுன் அவர் தம் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் தம் தெருவை வரைந்து காட்டினார். கிணறு, மாரியம்மன் கோயில், பாட்டியின் வீடு, இப்போது இல்லாத ஒரு புளியமரம், ஊரையும் சேரியையும் பிரிக்கும் வாய்க்கால் ஆகியவற்றை அதில் குறித்திருந்தார். மரம் எப்போது வெட்டப்பட்டது என்று கேட்டோம். பாட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நாளையே கேளுங்கள் என்றோம்.